ஆடும் ஃப்ரன்ட் சைட்டும் என் இடது உள்ளங்கையும்

நேற்றோடு என் காற்றுப் பிஸ்டலில் முந்நூறு பெல்லட் (சின்னக் குண்டு) சுட்டாகிவிட்டது. ஆடிக்கொண்டிருந்த ஃப்ரன்ட் சைட்டை, அதாவது குறி பார்க்கப் பேரல் (குழல்) முனையில் நிற்கும் துண்டை, இறுக்கிய பிறகு, அது நகர்ந்தால் தெரியட்டும் என்று நான் இழுத்து வைத்த வெள்ளைக் கோடு இன்னும் உடையவில்லை. இதற்கு முன் இரண்டு தடவை "சரியாகிவிட்டது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏமாந்தவன் என்பதால், முந்நூறு தாண்டும்வரை யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று வைத்திருந்தேன். இனி எழுதலாம்.

பிஸ்டல் 4.5 மி.மீ. ஸ்பிரிங் வகை. பேரலைக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் ஏறும், பெல்லட்டை வைத்து மூடிச் சுட வேண்டும். ஃப்ரன்ட் சைட் ஒரு சின்ன இரும்புத் துண்டு. பேரல் முனையில் குறுக்காக வெட்டிய, அடி அகன்று வாய் குறுகிய டவ்டெயில் பள்ளத்தில் அது பக்கவாட்டில் நுழைந்து இறுகி நிற்கும். திருகு கிடையாது, முளை கிடையாது. இறுக்கம் மட்டும்தான் பிடி.

கோளாறு முதலில் சைட்டில் தெரியவில்லை, இலக்கு அட்டையில் தெரிந்தது. 10 மீட்டரில் என் குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகள் விழும் கூட்டம்) கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. வலது கைக்காரன் ட்ரிகரை அழுத்தாமல் வெடுக்கென்று இழுத்தால் குண்டு இடப்பக்கம் போகும் என்பது எல்லாரும் சொல்லும் பாடம். நானும் அதையே நம்பி விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். விரல் பயிற்சி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ரியர் சைட்டை, அதாவது கண்ணுக்கு அருகே இருக்கும் பின்பக்கக் குறியை, அதன் திருகால் வலப்பக்கம் இரண்டு கிளிக் (படி), மறுநாள் இன்னும் இரண்டு கிளிக். ரியர் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ குண்டும் அந்தப் பக்கம் வரும். வந்தது. ஒரு நாள் இருந்தது, பிறகு மறுபடி இடப்பக்கம் போனது.

இரண்டு வாரம் இப்படியே ஓடியது. ஒரு நாள் சும்மா மேலிருந்து பார்த்தபோதுதான் ரியர் சைட்டின் தகடு நடுவில் இல்லை, நன்றாக வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று கண்ணில் பட்டது. வெர்னியர் அளவுகோலை எடுத்து ஃப்ரன்ட் சைட்டின் அடிப்பாகத்துக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்தேன். இடப்பக்கம் 1.30, வலப்பக்கம் 0.50. நடுவிலிருந்து 0.4 மி.மீ. வலப்பக்கம் போயிருக்கிறது. ரியர் சைட்டை அளந்தால் அதுவும் ஏறக்குறைய அதே 0.4. முன்னது தானாக நடந்திருக்கிறது, பின்னதை நான் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

0.4 மி.மீ. என்றால் நகத்தில் படிந்த அழுக்கு அளவுதான். ஆனால் என் பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் நடுவே 320 மி.மீ.; அட்டை 10,000 மி.மீ. தூரத்தில். முன்னே ஏற்படும் பிசகு அங்கே 31 மடங்காகிவிடும். 0.4 மி.மீ. போய் 12.5 மி.மீ. ஆகும். 10 மீட்டர் பிஸ்டல் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் 8 மி.மீ. இடைவெளி. ஒன்றரை வளையத்தை அந்தச் சின்னத் துண்டு தின்றிருக்கிறது. ஃப்ரன்ட் சைட் எந்தப் பக்கம் போகிறதோ குண்டு அதற்கு எதிர்ப்பக்கம் போகும் என்பதால் கணக்கும் பொருந்தியது: சைட் வலம், குண்டு இடம்.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் சைட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதுக்கு அருகே வைத்து ஆட்டினால் "டிக்" என்று ஒரு சத்தம்.

முதல் வைத்தியம், நீங்கள் ஊகித்தபடியே, சூப்பர் குளூ. அளவு எடுக்கவில்லை, சைட்டைக் கழற்றவும் இல்லை. நடுவுக்குத் தள்ளி, பக்கவாட்டில் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நாள் விட்டுவிட்டேன். மறுநாள் பாறை மாதிரி இருந்தது. நாற்பது குண்டு வரைக்கும் பாறை. அதற்குப் பிறகு மறுபடி டிக்.

காரணம் கழற்றியபோது தெரிந்தது. பள்ளத்துக்குள் பழைய எண்ணெய் ஒரு படலமாக ஒட்டியிருந்தது. பசை இரும்பைப் பிடிக்கவில்லை, எண்ணெயைப் பிடித்துக்கொண்டிருந்தது. போதாததற்கு ஸ்பிரிங் பிஸ்டலின் உதறல் இரண்டு திசையில் வரும். உள்ளே பிஸ்டன் முன்னே பாயும்போது பிஸ்டல் பின்னே உதைக்கும். பிஸ்டன் போய் முட்டி நிற்கும்போது முன்னே குலுங்கும். ஒரே ட்ரிகரில் இப்படி முன்னும் பின்னும் அடி. சூப்பர் குளூ காய்ந்தால் கண்ணாடி மாதிரி, இழுப்பைத் தாங்குமே தவிர அதிர்வைத் தாங்காது. பொடிப்பொடியாக உதிர்ந்து வந்தது. சொட்டின் ஆவி பட்டு பேரலின் கருப்புப் பூச்சில் வெள்ளையாகப் பூத்தது வேறு. பஞ்சில் அசிட்டோன் தோய்த்துத் துடைக்க ஒரு மணி நேரம். அசிட்டோன் இரும்பை ஒன்றும் செய்யாது. ஆனால் பிளாஸ்டிக் பிடியையும், பேரல் மூடும் இடத்தில் இருக்கும் சீல் வளையத்தையும் அரித்துவிடும் என்பதால் பாலிதீன் பையால் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் துடைத்தேன்.

இரண்டாவது வைத்தியம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தது. பள்ளத்தின் தரையில் சென்டர் பஞ்ச் (கூர்முனைக் கம்பி) வைத்து மூன்று புள்ளி குத்தினால், ஒவ்வொரு குழியைச் சுற்றியும் இரும்பு கொஞ்சம் மேடாக எழும்பும். அந்த மேட்டில் சைட் உரசிக்கொண்டு இறுகும். பழைய வழி, பலரும் செய்வது. நான் செய்ததில் இரண்டு பிழை.

ஒன்று, வைஸில் (மேசைப் பிடிப்பான்) பிஸ்டலின் உடலைக் கடிக்க வைத்தேன். அடி விழுவது பேரல் முனையில், பிடித்திருப்பது உடலை, நடுவில் ஒரு கீல். ஒவ்வொரு அடிக்கும் பேரல் துள்ளியது. சுத்தியின் பலம் பாதி கீலுக்குத்தான் போனது. நாலாவது அடியில் உறைத்தது. கீல் ஆட்டம் கண்டுவிட்டால் ஃப்ரன்ட் சைட் இறுகி என்ன பயன்? பேரலே ஆடும். நல்லவேளை, கீலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு, சைட்டைத் தள்ளப் பயன்படுத்தியது இரும்புப் பஞ்ச். வழுக்கி பேரலில் 6 மி.மீ. நீளத்துக்கு ஒரு கீறல். அது இன்னும் இருக்கிறது, இனியும் இருக்கும்.

இறுக்கம் வந்தது, எண்பது குண்டு தாங்கியது. பிறகு கழற்றிப் பார்த்தால் எழுப்பிய மேடுகள் நசுங்கிப் பளபளவென்று தட்டையாகிக் கிடந்தன. மறுபடி குத்தலாம்தான். ஆனால் எத்தனை தடவை? பள்ளத்தின் தரை சல்லடையாகிவிடும்.

மூன்றாம் முறைதான் அளவெடுத்தேன். முதல் நாளே எடுத்திருந்தால் இந்தப் பதிவு பாதியாகக் குறைந்திருக்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பேரலில் பெல்லட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதே சமயம் ஸ்பிரிங் ஏறவும் கூடாது. மடக்கும் வகையில் முழுக்க மடக்கினால் ஸ்பிரிங் ஏறிவிடும். அந்த நிலையில் ட்ரிகர் தட்டுப்பட்டால் பேரல் படாரென்று மூடிக்கொண்டு விரலைக் கடிக்கும். அதனால் பாதி மட்டும் திறந்து, துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடினேன். பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்தேன்.

வைஸின் தாடைகளுக்குள் பழைய பெல்ட்டில் வெட்டிய தோல் துண்டுகள். இந்தத் தடவை கடிக்க வைத்தது பேரலை மட்டும், முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி. உடலின் எடை தொங்காமல் இருக்க அடியில் ஒரு மரக்கட்டை. தள்ள 6 மி.மீ. பித்தளைக் கம்பி, நுனியை அரத்தால் சதுரமாகத் தேய்த்துக்கொண்டேன். டவ்டெயில் சைட்டைப் பின்னாலிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாகத் தள்ளிக் கழற்றுவதும், வலமிருந்து இடமாக ஏற்றுவதும்தான் வழக்கம். ஆடுகிற சைட் என்பதால் மூன்று தட்டில் வந்துவிட்டது.

சென்டர் பஞ்ச் மேடுகளின் மிச்சத்தை எண்ணெய்க்கல்லால் தேய்த்துத் தரையைச் சமமாக்கினேன். பள்ளத்தின் சாய்ந்த பக்கங்களைத் தொடவில்லை. அங்கே ஒரு இழுப்பு கூடப் போனாலும் பிடி போய்விடும். மூன்று குழியும் அங்கேயே இருக்கின்றன. பசை தங்க இடம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

சைட்டை மறுபடி உள்ளே தள்ளி, அடியில் ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய இரும்பு இதழ்கள்) விட்டுப் பார்த்தேன். 0.05 இதழ் இறுக்கமாக நுழைந்தது, 0.06 நுழையவில்லை. அப்படியானால் அடியில் 0.05 மி.மீ. தகடு ஒன்று வைத்தால் சைட் அவ்வளவு மேலே எழும்பும். எழும்பினால் அதன் சாய்ந்த தோள்கள் பள்ளத்தின் சாய்ந்த பக்கங்களில் போய் ஆப்பு மாதிரி உட்காரும்.

இது தெரிந்த பிறகும் ஒரு சோம்பேறித்தனம். கையில் பித்தளைத் தகடு இல்லை, குளிர்பான டின் இருந்தது. டின்னின் பக்கச் சுவரை வெட்டி அளந்தால் 0.1. "நசுங்கிக்கொள்ளும், அலுமினியம்தானே" என்று வைத்துத் தட்டினேன். சைட் பாதி வரை போய் நின்றது. இன்னும் இரண்டு தட்டு. தகடு சுருண்டு, மறுபக்கம் கசங்கிய சாக்லெட் தாள் மாதிரி வெளியே வந்தது. இருமடங்கு கனமுள்ளதை அடித்து ஏற்றினால் இதுதான் ஆகும். ஃபீலர் கேஜ் வாங்கி வைத்திருப்பதே அது சொல்வதைக் கேட்கத்தான்.

0.05 பித்தளைத் தகடு கிடைத்த அன்று மாலை வேலை முடிந்தது. தகட்டை ஃபீலர் இதழோடு ஒப்பிட்டு மைக்ரோமீட்டரில் சரிபார்த்தேன், 0.05தான். கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் வளைகிறது. கண்ணாடி மேல் வைத்து, புது பிளேடால் ஸ்கேல் ஓரமாக நாலைந்து தடவை கோடு போட்டு, மடக்கி ஒடித்தால் ஓரம் தட்டையாக வருகிறது. பள்ளத்தின் தரையைவிட ஒரு மி.மீ. குறுகலாக வெட்டினேன். நுழையும் பக்கத்து ஓரத்தைக் கொஞ்சம் கீழே மடித்து வைத்தால் சைட் வரும்போது தகட்டை இழுத்துக்கொண்டு போவதில்லை. இந்த மடிப்பு யோசனை டின் தகடு கற்றுக்கொடுத்தது.

அடுத்து பசை. இந்தத் தடவை லாக்டைட் 243, திருகுகளுக்குப் போடும் நீல நிறத் திரவம். நடுத்தர வலு என்பதால் பின்னால் கழற்ற வேண்டுமானால் கைக்கருவியே போதும். இதைவிட வலுவான வகைகள் உண்டு. ஆனால் அவற்றைக் கழற்ற 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்ட வேண்டும். சீல் வளையம் இருக்கும் பேரலில் அந்த வேலைக்கு நான் தயாரில்லை. பள்ளம், தகடு, சைட் மூன்றையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் மூன்று தடவை துடைத்தேன். மூன்றாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. அதற்குப் பிறகு விரலால் தொடவில்லை, ட்வீசர்தான்.

குச்சி நுனியால் மெல்லிய பூச்சு. தகட்டுக்கு அடியிலும் மேலும். சைட்டை வலப்பக்கமிருந்து வைத்து, பித்தளைக் கம்பியால் சின்னச் சின்னத் தட்டு. முதல் பாதிக்குச் சத்தம் "டொக் டொக்" என்று மந்தமாக இருந்தது. தோள்கள் பிடித்ததும் "டிங்" என்று மணிச்சத்தமாக மாறியது. அங்கிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் வெர்னியர். இடப்பக்கம் 0.94, வலப்பக்கம் 0.86 என்று வந்தபோது இன்னும் ஒரு தட்டு, வலப்பக்கமிருந்தே, கொசுவை அடிப்பது மாதிரி. 0.90, 0.90. கையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் ஓரத்தில் வழிந்த பசை அப்படியே ஈரமாக, நீலமாக இருந்தது. வயிறு கலங்கியது. பிறகுதான் நினைவுக்கு வந்தது: இந்த வகைப் பசை காற்றுப் படாத இடத்தில், இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இறுகும். வெளியே வழிந்தது ஈரமாக இருப்பது அதன் இயல்பு. துடைத்துவிட்டு முழுசாக 24 மணி நேரம் ஆகும்வரை விட்டுவைத்தேன்.

ஆட்டிப் பார்த்தேன். காதில் வைத்தும் ஆட்டினேன். டிக் இல்லை.

அதோடு முடிந்தது என்று எழுதியிருப்பேன். ஆனால் சைட்டின் பின்பக்கம், பேரலும் சைட்டும் சேரும் இடத்தில், வெள்ளை நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன். சைட் முடி அளவு நகர்ந்தாலும் கோடு உடையும். முதல் ஐம்பது குண்டு சுட்டுவிட்டு உட்கார்ந்தபோது கோட்டில் ஒன்றுமில்லை. என் இடது உள்ளங்கையில்தான் இருந்தது. கட்டைவிரலின் அடிமேட்டில் ஒரு சிவந்த பள்ளம், சின்னச் செவ்வகம், ஓரம் கூர்மையாக. ஃப்ரன்ட் சைட்டின் அச்சு.

பேரலை மடக்க இந்த ஸ்பிரிங்குக்கு நல்ல பலம் வேண்டும். வலது கையில் பிடி, இடது உள்ளங்கையால் பேரல் முனையைப் பிடித்துக் கீழே இழுப்பேன். கை இடப்பக்கமிருந்து வருகிறது. உள்ளங்கையின் மேடு சைட்டின் இடப்பக்கத்தில் போய் உட்காருகிறது. முழு பலத்தோடு வலப்பக்கம் தள்ளுகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தள்ளு. உதறலும் உலுக்கியிருக்கலாம். ஆனால் உதறல் முன்னும் பின்னும்தானே, பக்கவாட்டில் இல்லையே! பள்ளம் குறுக்காக ஓடுகிறது, சைட் நகர முடிந்த ஒரே திசை பக்கவாட்டு. அந்தத் திசையில் தள்ளியது நான் ஒருவன்தான்.

இதைச் சோதிக்க வழி இருந்தது. ரியர் சைட்டின் திருகுத் தலையை நாம் தொடுவதில்லை, அதிலும் ஒரு கோடு இழுத்து உதறலை மட்டும் பார்த்தேன்: நூறு குண்டுக்கு அசைவில்லை. ஃப்ரன்ட் சைட்டைப் பழையபடி ஆடவிட்டுப் பார்த்திருந்தால் சரியான சோதனையாக இருந்திருக்கும். மறுபடி கழற்ற மனசு வரவில்லை.

மடக்குவதற்கு இப்போது பேரல் முனையில் மாட்டும் ஒரு குழாய்த் துண்டு வைத்திருக்கிறேன். பிவிசி, 150 மி.மீ. நீளம். சைட் வரும் இடத்தில் 8 மி.மீ. அகலத்துக்கு ஒரு வெட்டு, சைட் அதற்குள் காற்றில் நிற்கும், பலம் முழுக்கப் பேரலுக்குப் போகும். சில பிஸ்டல்களோடு இதற்கென்றே ஒரு பிடி பெட்டியில் வரும். அது எதற்கு என்று அன்றைக்கு யாரும் யோசிப்பதில்லை. குழாய் நீளமானால் மடக்குவது சுலபம், கீலுக்குத்தான் கஷ்டம். 150க்கு மேல் போக வேண்டாம். ஒரு முறை அதைக் கழற்ற மறந்து குறி பார்த்தேன். ஃப்ரன்ட் சைட்டைக் காணோம்! குழாய் வாய் மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து குழாயில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது.

அட்டையில் என்ன ஆனது என்றால், ரியர் சைட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, மணல் மூட்டையில் கையைச் சாய்த்து ஐந்து ஐந்தாக நாலு குரூப் சுட்டேன். நாலும் ஒரே இடத்தில் விழுந்தன, நடுவுக்கு 6 மி.மீ. இடப்பக்கம், கொஞ்சம் கீழே. கீழே போனதற்குக் காரணம் தகடு: சைட் 0.05 எழும்பினால் அட்டையில் ஒன்றரை மி.மீ. இறங்கத்தான் வேண்டும். அதை ஒரு கிளிக் சரி செய்தது. 6 மி.மீ.க்கு ரியர் சைட்டை மறுபடி வலப்பக்கம் 0.2 நகர்த்த வேண்டி வந்தது. வெர்னியரின் நடுவும் குண்டின் நடுவும் ஒன்றல்ல. அடுத்த முறை செய்தால் பசை இல்லாமல் தகட்டோடு மட்டும் ஏற்றி, சுட்டுப் பார்த்து, சைட்டையே தட்டி நடுவுக்குக் கொண்டுவந்து, கோடு போட்டுவிட்டு, கடைசியில் இடுக்கில் தானாக ஊறி உள்ளே போகும் லாக்டைட் 290 வகைப் பசையை ஓரமாக விடுவேன். கழற்றி மாட்டும் வேலையே இருக்காது.

இது காற்றுப் பிஸ்டல் கதை. வெடிமருந்துத் துப்பாக்கிகளில் எல்லா ஃப்ரன்ட் சைட்டும் இப்படி நிற்பதில்லை. சிலவற்றில் ஸ்லைடுக்கு (பேரலுக்கு மேல் முன்னும் பின்னும் நகரும் பகுதி) அடியிலிருந்து ஒரு சின்னத் திருகு. 1911 வகைக் கைத்துப்பாக்கியின் பழைய வடிவத்தில் சைட்டின் கால் ஸ்லைடில் ஒரு துளை வழியாக இறங்கி உள்ளே அடித்து விரிக்கப்பட்டிருக்கும். அது தளர்ந்தால் தகடும் பசையும் உதவாது, உரிமம் பெற்ற துப்பாக்கித் தச்சரிடம்தான் போக வேண்டும்.

மொத்தச் செலவு: மூன்று மாலை, ஒரு தபால்தலை அளவு பித்தளைத் தகடு, நாலைந்து சொட்டு 243, பாதிப் பாட்டில் அசிட்டோன். அதில் அசிட்டோன் முழுக்க சூப்பர் குளூவின் கணக்கு. குழாய்க்குள் இன்னும் தோல் ஒட்டவில்லை. பேரலின் அடிப்பக்கம் கருப்புப் பூச்சில் ஒரு புதுத் தேய்மானம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. பெல்ட்டில் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை.